பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்

அம்மாவுக்குச் சீரியஸ், உடனே வா என்று தம்பி அழகமுத்து கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை. 2007 ஆகஸ்ட். குவைத்தில் காலை ஏழரை, இலங்கையில் எங்கள் றக்வானைத் தோட்டத்தில் பத்து. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் நான் அளவுக்கருவிகள் பார்க்கும் டெக்னீஷியன். மறுநாள் விடியற்காலை விமானத்தில் இடம் கிடைத்தது.

நடு இருக்கை. ஜன்னல் பக்கம் தங்கம்மா, ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். நான்கு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார். மறுபக்கம் குருவிட்ட ஊர்க்காரர் ஜுனைதீன், லொறி சாரதி.

"தம்பி, இந்த பெல்ட்ட எப்படிங்க போடுறது?"

"வரக்குள்ள எப்படிப் போட்டீங்க?" என்றார் ஜுனைதீன்.

"அப்ப அழுதுகிட்டே வந்தேங்க. யாரோ போட்டுவிட்டாங்க."

நான் போட்டுவிட்டேன். லீவில் போகிறேனா என்று கேட்டார். அம்மாவுக்குச் சீரியஸ் என்றேன்.

"ஐயோ. அம்மாவுக்கு என்னங்க செய்யுது?"

"காய்ச்சல்னு தம்பி சொன்னான்."

"மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறவங்களா?"

"முப்பத்தொரு வருஷமாப் போறாங்க."

அவருக்குக் கேட்க ஆசை. எனக்கும் பேச வேண்டியிருந்தது. அம்மா பேர் மூக்காயி. அப்பா 92இல் இறந்த பிறகு அவர் ஒருவர்தான் எங்கள் இருவரையும் வளர்த்தார். காய்ச்சலென்று ஒரு நாளும் படுத்ததில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு களவு செய்கிறது என்பதில் உறுதியாக இருந்தார். நான் இரத்தினபுரியில் டெக்னிக்கல் படிப்பை முடித்து வந்த அன்று, தேநீர்கூடத் தராமல், "மொதல்ல போயி அந்தத் தராச பாரு" என்று அனுப்பினார். கங்காணியிடம் கெஞ்சி, படிக்கல் வைத்துப் பார்த்தேன். தராசு சரியாக இருந்தது.

"தராசு சரிதாம்மா" என்றேன்.

"அப்ப என் முதுகு பொய் சொல்லுதா? இதுக்கா ஒன்னைய படிக்க வச்சேன்?"

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஜுனைதீன் முன் இருக்கை அதிரச் சிரித்தார். "உம்மாமார் சொன்னா தராசுதான் மகன் பிழை!"

தங்கம்மாவும் சிரித்தார். பிறகு, "நேத்து அம்மா போன்ல பேசினாங்களா?" என்றார்.

"இல்லீங்க. வீட்ல ஒரே சத்தம். பக்கத்து வீட்டு விஜயகலா அக்கா பேசுறது கேட்டுச்சு. கங்காணி கொரலும் கேட்டுச்சு. தம்பி வெளங்கலன்னு வச்சிட்டான்."

"எத்தன மணிக்குங்க?"

"அங்க பத்து."

"திங்கக்கெழம பத்து மணிக்கா?"

கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆக்கள் கூடியிருப்பாங்க மகன்" என்றார் ஜுனைதீன்.

"ஆமாங்க, அப்படித்தான் இருக்கும்." தங்கம்மா அவசரமாகச் சொன்னார்.

ஒரு மானி பிழை காட்டலாம். மூன்று மானிகள் ஒரே அளவைக் காட்டினால் நம்ப வேண்டும். விஜயகலா அக்கா கொழுந்து எடுப்பவர். கங்காணி மலையில் நிற்க வேண்டியவர். தம்பிக்கு ஃபெக்டரியில் வேலை. நோயாளிக்காக ஒரு தோட்டம் வேலையை விடாது. சாவு விழுந்தால் மட்டும் யாரும் மலைக்குப் போவதில்லை. இது எனக்கு நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும். ஒரு நாள் முழுக்க அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னும் மூன்று மணி நேரம் பறக்க வேண்டியிருந்தது. தங்கம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். ஜுனைதீன் தண்ணீர் வாங்கித் தந்தார்.  

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தங்கம்மாவின் மகள் அவரை அடையாளம் தெரியாமல் தகப்பன் பின்னால் ஒளிந்தாள். ஜுனைதீனை நாலைந்து பேர் கட்டிப்பிடித்தார்கள். என் பக்கம் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

தம்பி வேனோடு வந்திருந்தான். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகச் சொன்னான்.

"சாப்பிடுறாங்களா?"

"கஞ்சி குடிச்சாங்க அண்ணே."

அவன் கண் வீங்கியிருந்தது. இருபத்து மூன்று வயது. அதற்கு மேல் கேட்டால் அவன் தாங்க மாட்டான் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

அவிசாவளைக்கு அருகில் இராணுவச் சோதனை. வேன் நின்றது.

"கொஹெத யன்னே?" சிப்பாய் சிங்களத்தில் கேட்டான், எங்கே போகிறீர்கள் என்று.

 தம்பி தாழ்ந்த குரலில், "மள கெதரகட்ட" என்றான். சாவு வீட்டுக்கு.

"கவுத?" யார்?

"அப்பே அம்மா."

சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. வாங்கிப் பார்த்த அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடையைத் தூக்கினான்.

"தூங்குறியா அண்ணே?"

"இல்ல."

வேன் ஒரு மைல் போயிருக்கும்.

"எத்தன மணிக்குடா?"

"அஞ்சரைக்கு. பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகக் கூடைக்குக் கயிறு கட்டிக்கிட்டிருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க."

நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வார்டு நம்பர்கூட யோசிச்சு வச்சிருந்தேன் அண்ணே" என்றான். "நீ கேக்கவே இல்ல."