ஆமை அவசரப்பட்ட மதியம்

ஊர் அவருக்கு வைத்த பெயர் ஆமை. அணையோரத்துப் படகுத் தொட்டியில் இருபத்தாறு வருடமாகக் கதவு திறந்து மூடுகிறவர். நீச்சல் மட்டும் தெரியாது. மேலாற்றுக்கும் கீழாற்றுக்கும் பதினைந்து அடி வித்தியாசம். படகு உள்ளே வந்ததும் மேல்கதவை மூடித் தண்ணீரை வடித்தால் படகு தானாக இறங்கும். பிறகு கீழ்கதவு வழியே வெளியேறும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை என்பது அவர் கொள்கை.

அதற்கொரு பரீட்சையும் வைத்திருந்தார். கீழ்கதவு திறந்ததும் "சீக்கிரம், சீக்கிரம்!" என்று கத்துவார். கயிற்றைச் சுருட்டாமல் என்ஜினைத் தொட்டவன் தொலைந்தான். அடுத்த தடவை வரிசையில் கடைசி. அந்தக் கத்தலுக்குக் கொட்டாவி விட்ட ஒருவனுக்குத்தான் மகளையே கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளையான பிறகும் பரீட்சையை விடவில்லை.

மேல்கதவின் கசிவைப் பற்றி அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். 'கவனிக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. கசிவு அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டு வளர்ந்தது.

மழை விட்ட மூன்றாம் நாள் மதியம் மாப்பிள்ளையின் படகு வந்தது. மகளும் இருந்தாள், ஏழு மாதம். தண்ணீர் வடிந்தது, கீழ்கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தார். மேல்கதவின் நடுப்பலகை உப்பியிருந்தது. நூலாக வந்த தண்ணீர் விசிறியாக வந்தது.

"சீக்கிரம் போங்க மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை முதல் கயிற்றை நிதானமாகச் சுருட்டினான். "எங்ககிட்டயேவா மாமா?"

"சத்தியமா சொல்றேன், கதவு போகுது!"

"போன தடவை முதலை வருதுன்னீங்க. அதுக்கு இது தேவலை," என்றாள் மகள்.

பேசிப் பயனில்லை. இரண்டாம் கயிறு கரையிலிருந்த தூணில் கட்டியிருந்தது. கோடரியை எடுத்து ஒரே வெட்டு.

"அப்பா! புத்தி கெட்டுப்போச்சா?"

படகு நீரின் இழுப்பில் வெளியே நகர்ந்தது. மாப்பிள்ளை மாமனாரின் முகத்தை அப்போதுதான் பார்த்தான். என்ஜின் உறுமியது.

ஆனால் ஆற்றின் வளைவைத் தாண்டினால்தான் படகு பத்திரம், அதற்கு நேரமாகும். அதற்குள் கீழ்கதவை மூடிவிட்டால், மேல்கதவு போனாலும் வெள்ளம் தொட்டியோடு நிற்கும். கீழ்கதவின் மேலேயே இருந்த சக்கரத்தைப் பிடித்தார். எட்டு நிமிட வேலை. முன்பெல்லாம் நான்குதான், யாரும் அவசரப்படக் கூடாதென்று பல்சக்கரத்தை மாற்றச் சொல்லி மனுப் போட்டவர் அவரேதான். அந்த ஒரு மனுவைத்தான் அலுவலகம் உடனே நிறைவேற்றியது.

பாதிக்கு மேல் மூடியிருந்தது. படகு இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னால் பலகை ஒருமுறை இருமியது. அவர் திரும்பவில்லை, சுற்றினார்.