இருபத்து நாலு இஞ்ச் டிராயரும் ஒரு குளியலறைக் கதவும்

1. பஸ்ஸில் வந்த போன்

“யக்கா, மாமா பாத்ரூம்ல கீழ உக்காந்துட்டாவ. கதவு தொறக்க மாட்டேங்கு.”

போன் வந்தபோது நான் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் இருந்தேன். அங்கே ஒரு வீட்டு அடுக்களைக்கு அளவெடுக்கப் போகும் வழி. சேரன்மகாதேவி தாண்டியிருந்தது. பேசியவள் செல்வி. பாளையங்கோட்டையில் பத்து நாளைக்கு முன்னால்தான் அவர்கள் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தோம். மாமா என்றது அவளுடைய மாமனாரை. எழுபத்தெட்டு வயது, பழைய சர்க்கரைக்காரர், ஏற்கெனவே ஒருமுறை ஈரத்தரையில் வழுக்கி இடுப்பில் அடிபட்டவர். அவர் இனி விழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தக் குளியலறையையே மாற்றினார்கள்.

தாழ்ப்பாள் போட்டாரா என்று கேட்டேன். போடவில்லை, அவரைப் போட விடுவதே இல்லை என்றாள். கதவு நாலு விரற்கடை திறந்து, எதிலோ இடித்து நிற்கிறதாம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறாராம். உள்ளே மாமாவின் குரல் குழறுகிறதாம்.

எது இடிக்கிறது என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. இடித்துக்கொண்டு நின்றது நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த டிராயர்.

2. ஆழத்தின் மேல் எனக்கிருந்த ஆசை

இந்தத் தொழிலில் எனக்கு இருபத்தாறு வருடம். பாத்ரூம் சாமான் கடையில் பில் போடச் சேர்ந்து, பிறகு வீடு வீடாகப் போய் அளவெடுத்து, இன்ன தொட்டி இன்ன பெட்டி என்று சொல்பவளாக ஆனேன். சொன்னால் சொன்னதுதான் என்று கடையில் என்னைக் கேலி செய்வார்கள். அது கேலி என்பது எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை.

செல்வி வீட்டில் ஆழமான வாஷ்பேசினைச் சொன்னதில் தப்பில்லை. பெரியவர் காலையில் வாய் கொப்பளித்தால் தெருமுனை வரை கேட்கும். பழைய பேசின் தட்டு மாதிரி இருந்ததால் பாதித் தண்ணீர் தரைக்குத்தான் வந்தது. எட்டு இஞ்ச் ஆழத்தில் ஒன்று வைத்தோம், தரை காய்ந்தே கிடந்தது. அந்தக் குஷியில்தான் நான் அடுத்த படிக்குப் போனேன். பேசினுக்குக் கீழே வழக்கமாகப் பதினெட்டு இஞ்ச் ஆழத்தில் பெட்டி வைப்போம். துண்டு, டயப்பர் பொட்டலம், மாற்று வேட்டி எல்லாம் அடங்கட்டுமே என்று அடுக்களைப் பெட்டி அளவுக்கு இருபத்து நாலு இஞ்சாக்கினேன். முழுசாக வெளியே வரும் டிராயர், அது ஓடுவதற்குக் கனத்த சேனல். பெரியவரின் மகன் நல்லாருக்குக்கா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சைட்டில் இறங்கிய முதல் நாளே கதவைக் கழற்றி மொட்டைமாடியில் சாத்திவிடுவோம். சிமெண்ட் படாது, சாமான் தூக்கிப் போக வர வசதி. கடைசி நாள்தான் அது திரும்ப வரும். ஆக நான் அளவெடுத்தது, பெட்டி பொருத்தியது எல்லாமே கதவில்லாத வாசலில். பெட்டி இருந்தது வாசலை ஒட்டிய பக்கச்சுவரில். டிராயரை முழுக்க இழுத்தால் அது வாசலுக்குக் குறுக்கே வந்து நிற்கும். கதவோ உள்பக்கம் திறப்பது. ஒப்படைக்கும் நாளில் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு, டிராயரை இழுத்து இழுத்துக் காட்டிப் பெருமையடித்தேன். கதவைச் சாத்தி, டிராயரை இழுத்துவிட்டு, கதவு திறக்கிறதா என்று ஒருமுறை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை, பிறகு மற்றவர்களை என்ன சொல்ல?

பத்து நாளும் துண்டெடுத்துக் கொடுத்தது செல்விதான். அன்றைக்குப் பெரியவர் தானே கதவைச் சாத்திக்கொண்டு, தானே டிராயரை இழுத்திருக்கிறார். தலை சுற்றியிருக்கிறது. இழுத்த டிராயரின் முகப்புக்கு எதிரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

3. தள்ளாதீங்க, இழுங்க

முதலில் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று பட்டது. சாப்பிட்டாரா என்று கேட்டேன். இன்சுலின் ஊசி போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. வீட்டில் கருப்பட்டி இருந்தது. ஒரு துண்டைத் தட்டி, நீளக் கரண்டியில் வைத்து, கதவு இடுக்கு வழியாக டிராயருக்கு மேலே நீட்டச் சொன்னேன். இரண்டு தடவை தரையில் விழுந்தது. மூன்றாவது துண்டு அவர் கைக்குப் போனது.

இதற்குள் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் கேட்காமலே தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் மடியில் வைத்தார்கள். போனில் அண்ணாச்சி இன்னும் கதவோடு மல்லுக்கட்டுவது கேட்டது. தள்ளத் தள்ளக் கதவு டிராயரைப் பக்கவாட்டில் நெருக்கும், சேனல் இறுகும். பிறகு உள்ளே இருப்பவர் தள்ளினாலும் நகராது.

“அண்ணாச்சி, தள்ளாதீங்க. கதவ வெளிய இழுத்துச் சாத்துங்க.”

“ஆளு உள்ள கெடக்காரு, கதவச் சாத்தச் சொல்லுதியளே?”

“சாத்துனாத்தான் தொறக்கும். என்னய நம்புங்க.”

நம்பும்படியாக நான் எதுவும் செய்திருக்கவில்லை. ஆனாலும் அவர் இழுத்துச் சாத்தினார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கதவின் அடி இடுக்கில் வைக்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் போல் பொறுத்தோம். அவ்வளவு நீளமான ஐந்து நிமிடத்தை நான் பார்த்ததில்லை. பெரியவரின் குரல் கொஞ்சம் தெளிந்ததும் பேசினேன்.

“ஐயா, எந்திரிக்க வேண்டாம். டிராயர் மூஞ்சியில கால வச்சு பைய தள்ளுங்க.”

பிறகு தரையில் குதிகால் தேய்கிற சத்தம். பிறகு டிராயர் மெத்தென்று மூடுகிற அந்தச் சின்ன ‘டொப்’. கதவு திறந்தது, செல்வி அழுதாள், பெரியவர் “ஒண்ணும் இல்லட்டி, இன்னொரு துண்டு கருப்பட்டி குடு” என்றார். கரண்ட் வந்ததும் மூச்சு விடும் வீடு மாதிரி எனக்கு உடம்பெல்லாம் லேசானது. பஸ்ஸில் யாரோ கைதட்டினார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறினேன்.

டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். பெட்டியைக் கழற்றிப் பதினெட்டு இஞ்சில் வேறு வைத்துத் தருகிறேன் என்று நான் சொன்னதற்குப் பெரியவர் ஒப்பவில்லை. “கைகழுவுற தொட்டி, பெட்டி ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. கதவ வெளியப் பாத்துத் தொறக்க வையி” என்றார். மறுநாளே கார்பென்டரைக் கூட்டிப்போய் நிலையில் கீலை மாற்றினோம்.

இப்போதெல்லாம் ஆழமான எதைக் கேட்டு வந்தாலும், பெட்டியின் ஆழத்தோடு டிராயர் வெளியே வரும் நீளத்தையும் கூட்டித் தரையில் சாக்பீஸால் கோடு போடுகிறேன். மாடியில் இருக்கும் கதவை இறக்கி நிலையில் மாட்டச் சொல்லி, திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் ஆர்டர். வேலைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அன்றைக்குக் கீல் மாற்றி முடித்ததும் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்தி, டிராயரை முழுக்க இழுத்து, அவர் உட்கார்ந்த அதே இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஐயா இப்ப தொறங்க என்று கூப்பிட்டேன். டிராயர் அங்கேயே இருந்தது, கதவு அந்தப் பக்கமாக விலகியது. பெரியவர் ஒற்றை விரலால் திறந்துவிட்டு நின்றார். டிராயரைக் காலால் தள்ளி மூடிவிட்டு எழப்போனேன். அவர் கையை நீட்டினார்.

“வெளிய வாம்மா. நானே வந்துட்டேம்லா.”