போட்டவனுக்குத் தெரியாத வாசனை

லூனாஸ் ஊரில் மோரிஸின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவையில்லை என்று அந்தத் தாமான் குடியிருப்பில் ஒரு கேலி உண்டு. முனைக்கு வந்து மூக்கைத் திறந்து வைத்தால் போதுமாம். இந்தக் கேலி எல்லா வீட்டுக்கும் தெரியும், மோரிஸுக்கு மட்டும் தெரியாது. அறுபது வயதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், மாதா கோயிலில் முதல் ஆளாக வந்து மின்விசிறி போடுகிறவர். அவரிடம் போய் இதை யார் சொல்வது?

அவருக்கு சென்ட் பைத்தியம் பிடித்த கதை வேடிக்கையானது. ஓய்வு பெறும்வரை கூலிமில் ஒரு சிப் தொழிற்சாலையில், தூசு நுழையக் கூடாத கிளீன் ரூமில் வேலை. உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. பவுடர் கூடாது, முகப்பூச்சு கூடாது, சென்ட் அறவே கூடாது. வடிகட்டி வடிகட்டி அங்கே காற்றுக்கே வாசனை இருக்காது. ஷிப்ட் முழுக்க அதை இழுத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற மனிதனுக்கு, சாலையோரத்தில் யாரோ பொரிக்கும் வாழைப்பழம்கூட விருந்துச் சாப்பாடாக மணக்கும். மூக்குக்குப் பசி எடுத்துவிட்டது, அவ்வளவுதான். லீவு நாள் வந்தால் மோரிஸ் மணக்க ஆரம்பித்துவிடுவார்.

முதலில் டிசைனர் சென்ட்டுகள். பினாங்கு மால்களில் அழகாக அடுக்கி வைத்திருப்பார்களே, துணிக்கும் கைப்பைக்கும் பேர்போன கம்பெனிகளின் பாட்டில்கள், அவை. எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் ஆரம்பிக்கும், நடுவில் மிளகோ லாவெண்டரோ தலைகாட்டும், கடைசியில் எல்லாம் சலவைத்தூள் மாதிரி சுத்தபத்தமாக முடிந்துவிடும். யாருக்கும் பிடிக்காமல் போகாது, யாருக்கும் நினைவிலும் நிற்காது. அதில் சலித்துத்தான் மோரிஸ் நிஷ் பக்கம் சாய்ந்தார். சின்னச் சின்னக் கம்பெனிகள் கொஞ்சமாகச் செய்கிற சென்ட். இணையத்தில் குட்டிக் குப்பிகளில் பிரித்து விற்பார்கள். ஒன்றில் மழை நனைத்த தார்ச்சாலை, ஒன்றில் பூசை முடிந்த கோயிலின் சாம்பிராணி. ஒன்றில் புகை, சாதாரணப் புகை இல்லை, ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுக் காயவைக்கிற புகைவீட்டின் காரப் புகை. கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்த அவர் மனைவி பேட்ரிசியா அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இந்த நாத்தத்துக்குப் பயந்துதான் எங்கப்பா லயத்த விட்டே வந்தாரு, நீங்க போஸ்ட்ல வரவழைக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

பேட்ரிசியாவுக்கு சென்ட்டில் பைத்தியம் கிடையாது, ஆனால் மூக்கு அவளுடையதுதான் மூக்கு. மோரிஸ் அதை முழுமனதாக ஒப்புக்கொள்வார். காகிதப் பட்டையில் அடித்தால் ஒரு குணம், தோலில் அடித்தால் வேறு குணம் என்பது சென்ட் போடுகிற எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் வெக்கையில் எலுமிச்சை அரைமணி நேரம் தாங்காது, வெனிலாவும் அகிலும் வேர்வையோடு சேர்ந்து தடித்துப்போகும். ஆனால் இன்னொன்று உண்டு, அதுதான் வில்லங்கம். போட்ட ஆளின் மூக்கு கொஞ்ச நேரத்தில் அந்த வாசனைக்குப் பழகிவிடும். அதிலும் நிஷ் சென்ட்டுகளில் போடுகிற சில மரவாசனைகள் பொல்லாதவை. போட்டவனுக்கு எல்லாம் பறந்துபோன மாதிரி இருக்கும், பக்கத்தில் நிற்பவனுக்கு மூக்கைத் துளைக்கும். தன் வாசனை தன்மேல் இருக்கிறதா இல்லையா என்று தனக்கே தெரியாது. இன்னொரு ஆள் சொன்னால்தான் உண்டு.

அந்த இன்னொரு ஆள் பேட்ரிசியா. வெளியே கிளம்பும்போது கேட் பக்கத்தில் நிறுத்தி, கழுத்தோரம் மூக்கை வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். "போதும்" என்றால் போதும். "போய்க் கழுவிட்டு வாங்க" என்றால் மறுபேச்சில்லாமல் கழுவ வேண்டும். திரும்பி வரும்போதும் ஒருதரம் பார்ப்பாள். மோரிஸ் எல்லாம் போய்விட்டது என்று அடித்துச் சொல்வார், அவள் அப்படியே இருக்கிறது என்பாள். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி தினமும் சென்ட் போடலாம், கேட்க ஒரு சூப்பர்வைசர் இல்லை என்று காத்திருந்த மனிதருக்கு, தினமும் போடும் நாள் வந்தபோது முகர்ந்து பார்க்க ஆள் இல்லை. மகள் வனேசா பெர்த்தில் இருக்கிறாள். வீடியோவில் பேசும்போதெல்லாம் நன்றாக இருக்கிறீர்களா அப்பா என்று விசாரிப்பாள், நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். வாசனை எந்தப் போனிலும் போகாது.

காலையில் அடித்தது பத்து மணிக்குக் காணாமல் போகும். மறுபடி அடிப்பார். மதியம் சட்டைக்கு, சாயங்காலம் திரைச்சீலைக்கும் சோபாவுக்கும். வீடு வெறுமையாக மணக்கிறது என்று அவருக்குத் தோன்றும், அதற்காகவும் அடிப்பார். அவர் மூக்கு பழகி மரத்துப்போய்விட்டது, அவரோ சென்ட் நிற்கவில்லை என்று குப்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

கோயிலில் அவர் உட்காரும் பெஞ்சு மெல்லக் காலியாயிற்று. முதலில் பக்கத்தில் உட்காரும் ஏமி ஆண்ட்டி, காற்று வேண்டும் என்று ஜன்னலோரம் போனார். பிறகு பிள்ளைகளோடு வருகிற ஒரு குடும்பம் பின்னால் நகர்ந்தது. பூசையில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் தூரத்திலிருந்தே கும்பிட்டார்கள். மனைவி போன ஆளின் துக்கம் தொற்றிக்கொள்ளும் என்று நினைக்கிறார்களோ என்று மோரிஸ் யோசித்தார். வலித்தது.

அக்டோபர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தார். அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை மாலைதோறும் ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோவார்கள். போகிற வீட்டில் எல்லோரும் தரையில் நெருக்கி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைவார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபின் அந்த வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்காரவே இல்லை. மோரிஸ் பாய் வாங்கினார். தேத்தண்ணியோடு கொடுக்கக் கறிபாப்புக்குச் சொல்லி வைத்தார். திரைச்சீலைக்கு, தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான குப்பியை எடுத்தார்.

ஜெபமாலைக் குழுவைப் பார்த்துக்கொள்பவன் டேரில், ஏமி ஆண்ட்டியின் மகன். அவன் போன் செய்து, பிடிகொடுக்காமல் சுற்றி வளைத்தான். அங்கிளுக்குச் சிரமம் வேண்டாம் என்றான், தனியாள் என்றான், கடைசியில் விஷயத்துக்கு வந்தான். "இந்த வருஷம் உங்க வீட்டு நாள கோயில்லயே வச்சுக்கலாம்லா, அங்கிள்." மோரிஸ் சரி என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் மனசு உடைந்தது. மாதாவும் நம் வீட்டை விட்டுவிட்டுப் போகிறாள் என்று நினைத்தபோது, அறுபது தாண்டிய மனிதர் அடுப்படியில் நின்று அழுதார்.

அந்த வாரம்தான் கேஸ் தீர்ந்தது. கேஸ் தோங், அதாவது சிலிண்டர், கொண்டுவந்து மாட்டுகிறவர் ரவிச்சந்திரன், லூனாஸ் முழுக்க லோரியில் சுற்றுகிறவர், வாய்க்கும் மனசுக்கும் நடுவில் கதவு இல்லாத ஆள். புதுத் தோங்கை மாட்டி, வழக்கம்போல் குனிந்து ரெகுலேட்டர் பக்கம் மூக்கை வைத்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். பிறகு சோப்பு நுரையை எடுத்து இணைப்பில் தடவி, குமிழி வருகிறதா என்று உற்றுப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்த வீட்டுல கேஸ் ஒழுகுனாகூட தெரியாது. சென்ட் நெடி அப்படிலா."

மோரிஸுக்குப் புரியவில்லை. காலையில் அடித்ததுதான், அது எப்போதோ போய்விட்டதே என்றார்.

"எங்க போச்சு? கேட்டுலயே மூஞ்சில அடிக்குது. போன தடவயும் இப்படித்தான். தலை பெனிங்காயி, கிறுகிறுன்னு வந்து, லோரியில கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

சொன்னவர் காலித் தோங்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஏமி ஆண்ட்டியின் ஜன்னல், தூரத்துக் கும்பிடு, டேரிலின் சுற்றி வளைத்த பேச்சு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மோரிஸின் மனசில் வந்து உட்கார்ந்தன. முதலில் வெட்கம். பிறகு கோபம், அது வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை மாதம் சகித்துக்கொண்டார்களே ஒழிய, ஒருவராவது வாயைத் திறக்கவில்லையே. மரியாதையாம். தன்னைப் பார்த்துக் கழுவிவிட்டு வா என்று சொல்கிற உரிமை உலகத்தில் யாருக்கும் மிச்சமில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

திரைச்சீலைகளைத் துவைத்தார். சோபா உறைகளை வெயிலில் போட்டார். ஜன்னல்களைத் திறந்தே வைத்தார். பிறகு தாமே டேரில் வீட்டுக்குப் போய், எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது, வீடு இப்போது மணக்கவில்லை, மாதாவைக் கொண்டுவாருங்கள் என்று நேரடியாகக் கேட்டார். டேரில் நெளிந்தான். அம்மாவுக்கு இளைப்பு வந்துவிடுகிறது, அதனால்தான் என்றான். மாதக் கடைசியில் ஒரு நாள் மிச்சமிருந்தது. அதைக் கொடுத்தான்.

மாதா வந்தாள். ஆட்களும் வந்தார்கள். பாய் போதாமல் செய்தித்தாள் விரித்தார்கள். ஏமி ஆண்ட்டி அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரோ ஒரு குழந்தை அவர் முழங்காலில் சாய்ந்து தூங்கிவிட்டது. அது விழித்துவிடக் கூடாதென்று மோரிஸ் மங்கள வார்த்தை ஜெபத்தை மெல்லிய குரலில் சொன்னார்.

அன்று அவர் ஒரே ஒரு தடவை அடித்திருந்தார், கழுத்தில், காலையிலேயே. வேண்டுமென்றேதான். தேத்தண்ணி குடிக்கும்போது டேரிலைத் தனியாகக் கூப்பிட்டு, அளவு சரியாக இருக்கிறதா, உள்ளதைச் சொல் என்று கேட்டார். "நல்லாருக்கு அங்கிள்" என்றான் டேரில். ஏமி ஆண்ட்டியைக் கேட்டார். நல்லாருக்கு மோரிஸ் என்றார். கறிபாப்பு கொடுத்துக்கொண்டே இன்னும் இரண்டு பேரைக் கேட்டார். எல்லோருக்கும் அதே பதில், அதே சிரிப்பு. இத்தனை மாதமும், மூச்சை அடக்கிக்கொண்டு அவர்கள் சொன்னதும் இதே நல்லாருக்குதான்.

மாதாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் அடுத்த வீட்டுக்காரரோடு பாடியபடி போனார்கள். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு மோரிஸ் கழுத்தைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் இத்தனை பேர் வந்து போயும், இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல ஓர் ஆள் வரவில்லை.

மறுநாள் காலை குளித்து, ஒரு தடவை அடித்துக்கொண்டு, கடைக்குப் போன் செய்து கேஸ் வேண்டும் என்றார். ரவிச்சந்திரன் புதுத் தோங்கோடு வந்தார். அடுப்படிக்குப் போய்ப் பழையதைக் கழற்றித் தூக்கியவர், அப்படியே கீழே வைத்தார்.

"அண்ணே, இது நெறையவே இருக்குதே. எதுக்கு என்னய கூப்புட்டீங்க?"

மோரிஸ் சட்டைக் காலரை விலக்கி, கழுத்தை அவர் பக்கம் சாய்த்தார்.

"அது கெடக்கட்டும் தம்பி. இது இருக்கா, போயிருச்சா? நீ சொல்லு."