பிறம்ரனில் இருந்து ஒரு நேயர்

கோவிட் காலத்தில் ஒரு நாள், தமிழ் றேடியோவைக் கேட்டபடி சமைத்துக்கொண்டிருந்தேன். தடுப்பூசி பற்றி நேயர்கள் போன் எடுத்துப் பொரிந்து தள்ளினார்கள்.

“நான் பிறம்ரனில இருந்து கதைக்கிறன். எனக்கு ஒருத்தரும் ஊசி குத்தேலாது!” என்று ஒருவர் முழங்கினார்.

என் அடுப்பில் குக்கர் விசிலடித்தது. கொஞ்சம் பிந்தி அதே விசில் றேடியோவிலும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பிறம்ரனில் இருந்து காரில் ஒரு மணித்தியாலம் தள்ளி இருக்கிற வோபர்னில், எங்கள் வீட்டு சோபாவில், என் மனுசன் போனும் கையுமாக இருந்தார்.

“ஊசி போடாட்டி இனிப் பிளேனில ஏறேலாது, அண்ணை,” என்றார் பெண் அறிவிப்பாளர்.

இவருடைய தங்கச்சி மகளுக்கு அடுத்த மாதம் லண்டனில் கலியாணம். இவர் தொண்டையைச் செருமினார். “பிள்ளை, வோபர்ன் பக்கம் எங்க ஊசி போடுகினம்?”

“பிறம்ரன்காரருக்கு வோபர்னில என்ன வேலை?” என்று நான் போட்ட சத்தமும் றேடியோவில் கேட்டது.