வரேன்னு சொன்னா வரணுமா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வஞ்சிரம் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே விழுந்தவள்தான். எழுந்து பார்த்தால் செல்போன் முழுக்க மிஸ்டு கால். எல்லாம் ஆட்டோ ஏழுமலை.

இதில் பதற ஒன்றுமில்லை. ஏழுமலையின் செல்லில் என்றைக்குமே பேலன்ஸ் இருக்காது. அவர் மணி அடித்து விட்டுவிடுவார், நாம்தான் கூப்பிட வேண்டும். வார நாட்களில் கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் வரை ஷேர் ஆட்டோ. ஞாயிறு என்றால் எங்கள் ஃபிளாட்காரர்களுக்கு ஸ்பெஷல் சவாரி. எங்கே இருக்கீங்க என்று கேட்டால், "தோ, வந்துகினே கீறேன் மேடம்" என்பார். இன்னும் பல்லே தேய்க்கவில்லை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த மொழிபெயர்ப்பெல்லாம் எனக்கே சும்மா வந்துவிடவில்லை. நான் மதுரைக்காரி. இங்கே சென்னைப் பக்கம் குடிவந்த புதிதில் ஒரு ஆட்டோக்காரர் போனில் "எங்க கீற?" என்று கேட்க, "நான் எதையும் கீறலையே அண்ணே" என்று பதில் சொன்னவள். சொந்த பாஷை பேசுகிற ஊரிலேயே எனக்கு இந்தக் கதி என்றால், ஜப்பானிலிருந்து வந்தவள் கதி என்ன?

யூகி எங்கள் எதிர் ஃபிளாட். ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறாள். பேரே வம்பு. "நான் யூகி" என்று இவள் சொன்னதும் எங்கள் வாட்ச்மேன் நிஜமாகவே யூகிக்க ஆரம்பித்தார். சைனாவா என்றார், நேபாளமா என்றார்... கடைசியில் தெரியலம்மா, நீயே சொல்லிடு என்று சரணடைந்தார்.

ஆபீஸ் போக வர கம்பெனி கார் உண்டு. ஆனால் இவளுக்கு ஷேர் ஆட்டோதான் வேண்டும். ஏனம்மா என்று கேட்டேன். காரில் டிரைவரின் பின்மண்டை மட்டும்தான் தெரிகிறதாம், ஷேர் ஆட்டோவில்தான் மனுஷங்க இருக்காங்களாம். இருப்பார்களே... மடியில் யாரோ ஒருத்தர் குழந்தை, காலடியில் இன்னொருத்தர் வாழைத்தார், தோளில் தூங்கி விழுகிற மூன்றாமவர் தலை. கொஞ்ச நாளிலேயே "தள்ளி குந்துமா" என்று இவளே மற்றவர்களிடம் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். மீதித் தமிழுக்கு இங்கிலீஷ் இருக்கவே இருக்கிறது.

நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லாதே, அபசகுனம். "போயிட்டு வரேன்" என்று சொல். யூகிக்கு ஒரே குஷி. அவர்கள் ஊரிலும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அச்சு அசலாக இதையேதான் சொல்வார்களாம், ஆனால் வீட்டு ஆட்களிடம் மட்டும். இங்கே யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாமா என்று கேட்டாள். தாராளமாகச் சொல் என்றேன்.

நாம் எதைத்தான் யாரிடம் சொல்லாமல் விட்டோம்? "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்" என்போம் — கிழமையை மட்டும் சொல்ல மாட்டோம். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்போம் — செருப்பு மாட்டிய பிறகு. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இதெல்லாம் தெரியாத ஒருத்தி நடுவில் வந்து மாட்டினால்தான் ஆபத்து.

அந்த ஞாயிறு காலை யூகி மாமல்லபுரம் பார்க்கப் புறப்பட்டாள். ஏழுமலையிடம் நான்தான் பேசி அனுப்பினேன். வுட்டுட்டு உடனே திரும்பிடுவேன் மேடம், சாயங்காலம் வூட்டுக்குப் பொண்ணு பாக்க வராங்கோ என்று முதலிலேயே சொல்லிவிட்டார். திரும்பி வருவதற்கு பஸ் இருக்கிறது என்று யூகியிடமும் சொல்லியிருந்தேன்.

மிஸ்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலிங் பெல். யூகி! கையில் கல்லில் செதுக்கிய குட்டி யானை, வெயிலில் முகம் தக்காளி. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாளாம். பெருமை தாங்கவில்லை. அவளை உட்காரவைத்து மிக்சர் தட்டைக் கொடுத்துவிட்டு, காபி போடப் போகிற போக்கில் ஏழுமலைக்கு போன் போட்டேன்.

"மேடம், அந்தம்மா இன்னும் வரல மேடம்." குரல் அழுகிற பதத்தில் இருந்தது. "வரேன்னு சொல்லிட்டுப் போனாங்கோ..."

காலையில் கடற்கரைக் கோயில் பக்கம் இறங்கியவள், காசைக் கொடுத்துவிட்டு, சுத்தமான தமிழில் "போயிட்டு வரேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதையே நான் சொல்லியிருந்தால் அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பார். ஆனால் சொன்னது வெளிநாட்டுக்காரி. அவர்களெல்லாம் சொன்னால் சொன்னபடி செய்வார்கள் என்பது ஏழுமலையின் அசைக்க முடியாத நம்பிக்கை. சரி, ரிட்டர்னும் நம்ம வண்டிதான் போலிருக்கு, ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்துவிடுவாள் என்று உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் தாண்டியும் காணோம். அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அங்கே அலை பொல்லாதது, ஆளை இழுத்துவிடும். ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கல் செதுக்குகிற பட்டறைகள் என்று ஒன்று விடாமல் தேடியிருக்கிறார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடமெல்லாம் அடையாளம் சொல்ல, அவர்களும் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். போலீஸ்ல சொல்லிடட்டா மேடம் என்று கேட்டார்.

அந்தம்மா என் சோபாவில் சம்மணம் போட்டு மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னேன். வேறென்ன செய்வது? திட்டப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நல்லா கீறாங்கல்ல மேடம், அது போதும் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்கோ. வூட்லருந்து போன் மேல போன். நான் இங்க கீறேன்."

ஏழுமலையின் மகள் தேவிக்கு இதற்கு முன்னால் இரண்டு இடம் வந்தது. காபி குடித்து, "போய் சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். இது மூன்றாவது, அச்சரப்பாக்கத்து இடம். பையன் போட்டோவைப் பார்த்ததிலிருந்து பெண் தனியாகச் சிரிக்கிறாள் என்று ஏழுமலையே என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் அப்பாவையே காணோம் என்றால் எந்த வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள்?

விஷயத்தைச் சொன்னதும் யூகி மிக்சர் தட்டை அப்படியே வைத்துவிட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். ரோட்டில் வந்த முதல் ஷேர் ஆட்டோவை மறித்து ஏறி, யாரையோ தள்ளி உட்காரவைத்து, எனக்கும் இடம் பிடித்தாள். ஏழுமலை வீடு தையூரில், பக்கம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்கே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அங்கே எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பஜ்ஜி தொடப்படாமல் ஆறிக் கிடந்தது. ஏழுமலையின் மனைவி கன்னியம்மா, தோ வந்துகினே கீறாரு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். கதவு இடுக்கில் தேவியின் புடவை மட்டும் தெரிந்தது. பொண்ணப் பெத்தவருக்கே அக்கறை இல்ல, நமக்கு இன்னாத்துக்கு என்று சொல்லியபடி பையனின் அம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

யூகி நேராகப் போய் அந்த அம்மா முன்னால் இடுப்பு வரை மடங்கிக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை. இது யாரு, இன்னாத்துக்கு இப்டிக் குனியுது என்று அந்த அம்மா ஒற்றைச் செருப்போடு பின்வாங்க, நான் மூச்சு வாங்க வாங்க நடந்ததையெல்லாம் சொன்னேன். பையனின் மாமா சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பஜ்ஜி அடுத்த ஈடு சூடாக வந்தபோது ஏழுமலையும் வந்து சேர்ந்தார். முழங்கால் வரை மணல். வுட்டுட்டு வர்றதுதான பேச்சு, பெத்த பொண்ணு விசயத்த வுட்டுட்டு அங்க இன்னா காவல் என்று பையனின் அம்மா நேராகவே கேட்டார்.

"தப்புதாம்மா" என்றார் ஏழுமலை. "ஆனா தெரியாத ஊர்ல, வரேன்னு சொல்லிட்டுப் போன பொம்பளப் புள்ளைய வுட்டுட்டு எப்டிம்மா வர்றது?"

தேவி காபி கொண்டுவந்தாள். பையன் டம்ளரைப் பார்க்காமலே வாங்கி, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள், மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். எதைப் பேச வந்தார்களோ அதை மட்டும் யாரும் பேசவில்லை. பிறகு பையனின் அம்மா எழுந்தார்.

"அப்ப நாங்க போயிட்டு வரோம்."

இது எந்த 'வரோம்'? தாம்பூலத் தட்டோடு வருகிற வரோமா... இல்லை, சொல்லி அனுப்புகிற வரோமா? யூகி என் காதருகே வந்து, இது நிஜமா சும்மாவா என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறேன், எனக்குத் தெரியவில்லை. கன்னியம்மா ஏழுமலையைப் பார்த்தார்.

ஏழுமலை முன்னால் வந்து கும்பிட்டார். காலையிலிருந்து பட்ட பாடு அவரைப் பேசவைத்தது என்று நினைக்கிறேன்.

"வரோம்னா... மெய்யாலுமே வருவீங்களாம்மா? இல்ல, இந்தம்மா மாதிரி பஸ்ஸு ஏறிடுவீங்களா?"

அந்த அம்மா அவரையே பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைத் திறந்து, வாழை இலையில் சுற்றி வைத்திருந்த மல்லிகைப் பூவை எடுத்தார். கதவுப் பக்கம் போய், தேவியை வெளியே இழுத்து, தலையில் பூவை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பூ வெச்சாச்சு. இப்ப நாங்க பஸ்ஸு ஏறலாமா, சம்பந்தி?"