கோபாரிட் எங்கள் ஊரானது

எங்கள் ஊரில் ஆறு இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்குமே சொல்லும்படியாக ஆறு இல்லை. கிணறு உண்டு, குளம் உண்டு, சுற்றிவரக் கடல் உண்டு. ஆனால் பத்து வயதில் நான் வகுப்பில் எழும்பி நின்று, என் ஊரை உரசிக்கொண்டு பச்சை நிறத்தில் ஓர் ஆறு ஓடுகிறது என்று சொன்னேன். அதன் பெயர் சோச்சா என்றும் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள்.

1995ஆம் ஆண்டு. நாங்கள் ரொறொன்ரோவுக்கு வந்து ஒரு வருசம். டோர்செட் பார்க் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தோம். அப்பா, அம்மா, சித்தப்பா, நான். எங்கள் மூன்று பேருக்கும் அகதிக் கேஸ் நடந்துகொண்டிருந்தது. விசாரணை தை மாதம் என்று போட்டிருந்தார்கள். சித்தப்பாவின் கேஸ் முதலே வென்றுவிட்டது. அவர் முன்னமே வந்தவர்.

அதனால் கேஸ் என்றால் சித்தப்பாதான். அவர் கோப்பிக் கடையில் டோனட் சுடுகிறவர். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் ஒரு கேஸ் இருந்தது. லோயருக்குத் தெரியாததும் அங்கே தெரியும். எழுதிக் கொடுத்ததற்கு ஒரு சொல் மாறினாலும் கேஸ் போய்விடும் என்பார். யாரோ ஒரு ஆள் வளவில் இரண்டு மாமரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, விசாரணையில் மூன்று என்று சொன்னாராம். திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அம்மா அதை நம்பவில்லை. அப்பா நம்பினார்.

நம்பினபடியால் ஒரு சட்டம் போட்டார்.

"பிள்ளை, வெளியில ஊரைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கக்கூடாது. ரீச்சர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு."

நான் ஓம் என்றேன். வாயைத் திறந்தால் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று விளங்கிக்கொண்டேன். அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் ரீச்சர் ஒரு வேலை தந்தார். ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றி ஒரு பெரிய மட்டையில் எழுதி, படம் கீறி, வகுப்பில் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறது, ஆறு என்ன, மலை என்ன, தொழில் என்ன, எவ்வளவு சனம், முன்பு என்ன நடந்தது. பிறகு ஒரு பின்னேரம் தாய் தகப்பன் வந்து பார்ப்பார்கள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெறும் மட்டையோடு போக எனக்கு வெட்கம். அப்போதுதான் வீட்டுக்காரக் கிழவரின் நினைவு வந்தது.

கிழவரும் கிழவியும் மேல்வீட்டில் இருந்தார்கள். சுலோவேனியாக்காரர். கிழவர் வாசலில் யார் அகப்பட்டாலும் தன் ஊரைப் பற்றிச் சொல்லுவார். தபால்காரர் எங்கள் வீட்டுக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் ஓடுவார். ஆகவே கேட்காமலே பாதி எனக்குத் தெரியும். மற்றப் பாதியைக் கேட்கப் போனேன். கிழவர் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டு நின்றார். கேட்டதும் வாருகோலை எறிந்துவிட்டுப் படியில் குந்தினார். அன்றைக்கு அந்த இலை கூட்டுப்படவில்லை.

ஊரின் பெயர் கோபாரிட். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. பெரிய மலைக்குக் கெர்ன் என்று பெயர். கோடை தொடங்குமட்டும் அதன் உச்சியில் பனி கிடக்கும். கீழே சோச்சா ஆறு. பச்சைத் தண்ணீர் என்றார். பாசியா என்று கேட்டேன். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாசி இல்லையாம். சுத்தத்தின் பச்சையாம். கோடையில் காலை வைத்தாலும் கால் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டுமாம். உடம்பு முழுக்கச் சலவைக்கல் மாதிரிக் கோலம் போட்ட மீன் அதில் இருக்கிறதாம். கற்பாலம் ஒன்று உண்டு. கோடையில் மாட்டையும் ஆட்டையும் மலைக்கு ஏற்றிவிட்டு அங்கேயே சீஸ் செய்வார்கள்.

கிழவி குசினி யன்னலால் கேட்டுக்கொண்டு நின்றா. அவவின் ஊர் தொல்மின். அதே ஆறுதான், கொஞ்சம் கீழே.

"அவரின்ர ஊரில அது வாய்க்கால். எங்கட ஊருக்கு வரேக்கதான் ஆறு," என்றா. இதை அவ இங்கிலிசில்தான் சொன்னா. என் காதில் இப்போது இப்படித்தான் கேட்கிறது.

கிழவர் திரும்பியும் பார்க்கவில்லை. அதையும் எழுது, பொறாமை என்று எழுது என்றார்.

பிறகு பழைய கதை. கிழவரின் அப்பா பிறந்தபோது அந்த ஊர் வியன்னாவில் இருந்த சக்கரவர்த்திக்குச் சொந்தம். கிழவர் பிறந்தபோது இத்தாலி. பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பாசை பேசினால் அடி. பிறகு ஜெர்மன்காரர் வந்தார்கள். பிறகு யூகோஸ்லாவியா. இப்போது நாலு வருசமாகச் சுலோவேனியா. "ஒருத்தரும் வீடு மாறேல்லை. நாடுதான் வந்து வந்து போனது," என்றார். முதலாம் உலக யுத்தத்தில் அந்த மலைகளில் இரண்டு படை இரண்டு வருசத்துக்கு மேலாக எதிரெதிரே கிடந்தது. ஒரு மாரியில் ஒரு பக்கம் உடைந்து ஓடியது. மழைக்குள் கோபாரிட் றோட்டால் ஓடியவர்கள் துவக்கையும் சமையல் கிடாரத்தையும் போட்டுவிட்டு ஓடினார்களாம். அந்தக் கிடாரம் ஒன்றில்தான் கிழவரின் அம்மா கனகாலம் உடுப்பு அவித்தாவாம்.

எல்லாவற்றையும் எழுதினேன். கிடாரத்தையும் கீறினேன். ஆற்றுக்குப் பச்சைப் பென்சில் ஒன்று முழுக்க முடிந்தது.

வகுப்பில் பயமில்லாமல் சொன்னேன். ஒரு பையன் கையைத் தூக்கி, அந்த ஊர்ச் சனம் மண்ணிறமா என்று கேட்டான். மலைக்கு மேலே வெயில் கிட்ட என்று சொன்னேன். அவன் தலையாட்டினான். வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர்களுக்கும் கேஸ் நடந்துகொண்டிருந்தது. அவள் முறை வந்தபோது தன் ஊர் மொன்றியால் என்றாள்.

ரீச்சருக்கு என் மட்டை நன்றாகப் பிடித்துவிட்டது. அதுதான் பிழையாய்ப் போனது. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போன் எடுத்தார். சித்தப்பாதான் கதைத்தார். வகுப்பில் ஒரு சுலோவேனியாக் குடும்பம் இருப்பது பெரிய சந்தோசம், பெற்றோர் கட்டாயம் வரவேண்டும் என்று ரீச்சர் சொல்லியிருக்கிறார். சித்தப்பா எல்லாவற்றுக்கும் யெஸ் யெஸ் என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு, கதிரையில் இருந்தார்.

"அண்ணை, கேஸ் முடிஞ்சுது," என்றார். "நீங்கள் எழுதிக் குடுத்தது இலங்கை. பள்ளிக்கூடத்தில கிடக்கிறது சுலோவேனியா. ரண்டும் கவண்மேந்து. இவங்கள் கொம்பியூட்டரில தட்டிப் பார்ப்பாங்கள்."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "உனக்கு வேற ஊர் கிடைக்கேல்லையே? ஒரு கொழும்பு, கண்டி எண்டு சொல்லியிருக்கலாமே?"

"அப்பாதானே கதைக்க வேண்டாம் எண்டவர்," என்றேன்.

அப்பா என்னை ஏசவில்லை. மட்டையை விரித்து முழுக்கப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு இங்கிலிஸ் வாசிக்க வராது. ஆற்றைத்தான் கனநேரம் பார்த்தார். பிறகு, கிழவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவம் என்றார். கிழவர் வந்து, இது என் ஊர், இந்தப் பிள்ளையின் ஊர் இல்லை என்று ரீச்சருக்கு ஒரு சொல் சொன்னால் காணும். பழைய பிழை அழிந்துவிடும். சித்தப்பா யோசித்துவிட்டு, சாட்சி நல்லது என்றார்.

அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் மேலே போனோம். நான்தான் மொழிபெயர்ப்பு. கேஸ் என்ற சொல் வந்ததும் கிழவர் தலையை நிமிர்த்தினார். தானும் அப்படி நின்றவர்தானாம். மலை தாண்டி இத்தாலிக்கு ஓடிப்போய், ஒரு முகாமில் கனடாக்காரர் முன்னால் நின்றாராம். அவர்களுக்குப் பண்ணை வேலைக்கு ஆள் தேவை. கிழவர் தையல்காரர். பிறந்த நாளிலிருந்து மாடுதான் பார்க்கிறேன் என்று சொன்னாராம். கையைக் காட்டு என்றார்களாம். விரல் முழுக்க ஊசி குத்தின அடையாளம். இது என்ன என்று கேட்க, வேலிக் கம்பி என்றாராம்.

சித்தப்பா வெளியே வந்து, "கிழவன் லேசுப்பட்ட ஆளில்லை," என்றார். அன்றையிலிருந்து கிழவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டார்.

பிறகு வந்த கிழமை வீடு சரியில்லை. எந்த நேரமும் தமிழ் ரேடியோ. அத்தையும் பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். அப்பா யார் யாருக்கோ போன் எடுத்தார், லைன் கிடைக்கவில்லை. நான் கிட்டப் போனால் பேச்சை நிறுத்தினார்கள். மேலே போய்க் கிழவியோடு ரீவி பார் என்றார்கள். கேஸ் கவலை என்று நினைத்தேன். என்னால் வந்ததுதானே என்று பேசாமல் ரீவி பார்த்தேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற நாள் வந்தது. அப்பா கோட் போட்டிருந்தார். அது சித்தப்பாவின் கோட். அம்மாவுக்கு வேலை, வரவில்லை. கிழவர் கழுத்தில் ரை கட்டி, தொப்பி போட்டிருந்தார். கிழவி வால்நட் வைத்துச் சுருட்டின பெரிய பாண் ஒன்றைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தா. போகிற வழி முழுக்கச் சித்தப்பா அப்பாவுக்குப் படிப்பித்தார். நாடு, மாவட்டம், ஊர். மூன்று சொல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். எழுதிக் கொடுத்ததிலும் அதுதான் இருக்கிறது.

வகுப்புச் சுவரில் உலக வரைபடம் தொங்கியது. பிள்ளைகளின் ஊர்களில் குண்டூசி குத்தியிருந்தது. கிழவர் சாட்சி சொல்ல என்று நேரே ரீச்சரிடம் போனவர், வரைபடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். அது பழைய வரைபடம். என் குண்டூசி யூகோஸ்லாவியாவில் குத்தியிருந்தது. சுலோவேனியா என்று ஒரு நாடே அதில் இல்லை. கிழவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். ஆறுதலாக, நெளிவு சுளிவெல்லாம் பார்த்து, ஒரு எல்லை கீறினார். ரீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். மறிக்கவில்லை. கிழவி பக்கத்தில் வந்து, தொல்மினுக்கு ஒரு புள்ளி வை என்றா. கிழவர் வைத்தார். சின்னதாக வைத்தார்.

ரீச்சர் கிழவரிடம், நீங்கள் இந்தப் பிள்ளையின் தாத்தாவா என்று கேட்டார். இதுதான் சாட்சி சொல்ல வேண்டிய இடம். அப்பா கிழவரின் முகத்தையே பார்த்தார்.

கிழவர் என் மட்டையைப் பார்த்தார். கிடாரத்தைப் பார்த்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் ஊரை யாரும் இப்படி ஒட்டி வைத்ததில்லை போல.

"இவள் என்ர வீட்டில இருக்கிறாள்," என்றார். "என்ர வீடு கோபாரிட்."

"பாதி தொல்மின்," என்றா கிழவி.

சித்தப்பா எனக்கு மட்டும் கேட்கத்தக்கதாக, சாட்சி கவுண்டிட்டுது என்றார்.

அப்பா இரண்டடி முன்னால் போனார். கோட்டை இழுத்துவிட்டார். "ஸ்ரீலங்கா. ஜவ்னா. கோப்பாய்," என்றார். தனித் தனியாக, பெலத்து.

ரீச்சருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒரு குண்டூசியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா குத்தினார். குண்டூசியின் தலை யாழ்ப்பாணம் முழுவதையும் மூடிவிட்டது.

ரீச்சர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு உண்மையிலேயே அறிய விருப்பம். எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டதை அப்பாவிடமும் கேட்டார். ஆறு உண்டா? இல்லை. மலை? இல்லை. தொழில்? வெங்காயம் என்றார் அப்பா. பிறகு தானாகவே, புகையிலை என்றார். செம்மண் என்பதற்கு இங்கிலிஸ் வரவில்லை, றெட் என்று சொல்லிக் காலால் நிலத்தைத் தட்டிக் காட்டினார். சித்தப்பா கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அப்பா நிற்கவில்லை. தண்ணீர் இறைக்கிறதைக் கையால் செய்து காட்டினார். அப்பா அப்படிக் கதைத்து நான் அதுவரை கண்டதில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

எவ்வளவு சனம் இருக்கிறார்கள் என்று ரீச்சர் கேட்டார்.

அப்பா குண்டூசியைப் பார்த்தார்.

"நவ், நோபடி," என்றார்.

இப்போது ஒருத்தரும் இல்லை. அப்பா மேலே என்ன சொல்லப் போகிறார் என்று ரீச்சர் காத்துக்கொண்டு நின்றார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வெக்கை என்று நினைத்தேன். சித்தப்பா கோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்கு ஊரில் எவ்வளவு சனம் என்று தெரியும். கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறேன். அப்பா கேஸுக்காகத்தான் சமாளிக்கிறார், ஆட்களின் எண்ணிக்கை எழுதிக் கொடுத்ததில் இல்லை, அதுதான் இப்படிச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். கெட்டித்தனமான மறுமொழியாக இருந்தது. அந்தக் கிழமை, ஆமி நெருங்கி வர, ஊர்ச் சனம் முழுக்க மழைக்குள் சைக்கிளிலும் கால்நடையிலும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வரும்போது கிழவரும் கிழவியும் முன்னால் பாணுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"நல்லாப் பொய் சொன்னீங்கள் அப்பா," என்றேன்.

அப்பா, "ஓம்" என்றார்.