சாட்சிக்கு ஒரு வீடு

எங்கள் தெருவுக்கு வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். அதைத் திறந்துவிடுகிறவரை எல்லோரும் வால்வு அண்ணன் என்போம். நகராட்சி வேலை. ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார், தெருமுனையில் குழி மூடியைத் தூக்குவார், சாவியை உள்ளே விட்டுப் பதினோரு சுற்று சுற்றுவார். இருபத்தாறு வருஷமாக அதே பதினோரு சுற்று. குடியிருப்பும் இதே தெருவில்தான், என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே. மனுஷர் கல்லுளிமங்கன். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அண்ணி பேசிவிடுவார். அண்ணி வாசலுக்கு வந்தால் பத்து வீட்டுக் கதவு தானாகத் திறக்கும்.

ஒரு ஐப்பசியில் ஊருக்குள் வெள்ளம் வந்தது; தெருவின் நாற்பத்தோரு வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் வடிந்தது, சேறு தங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் கூத்தே ஆரம்பித்தது. அணையைத் திறந்துவிட்டது மத்திய அரசு, அதனால் நிவாரணம் அவர்கள்தான் தர வேண்டும் என்றது நகராட்சி. சாக்கடையைத் தூர்வாராமல் விட்டது நகராட்சி, அதனால் உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலிருந்து கடிதம் வந்தது. இரண்டு கடிதத்தையும் தெருவுக்கு நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். 'ஆழ்ந்த வருத்தம்' மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தது.

கடைசியில் மத்தியக் குழு ஒன்று நேரில் வந்து பார்க்கும் என்றார்கள். நகராட்சி எடுத்த படமெல்லாம் செல்லாதாம், அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அதுவரை யாரும் வீட்டைக் கழுவக் கூடாது, சேறு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பத்து நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. குழு வருகிற வழியாக இல்லை.

ஒரு மத்தியானம் வால்வு அண்ணன் ஏதோ நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். வேறு யாரும் இல்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன்.

"எதுக்கு அண்ணே நாற்பத்தோரு வீடும் நாறணும்? சாட்சிக்கு ஒரு வீடு போதாதா? நீங்க நகராட்சி ஆளு, உங்க வீட்டை அப்படியே வெச்சிருங்க. மத்தவங்க கழுவிக்கட்டும்."

"இந்த வாடைக்கு உங்க அண்ணிக்கு மூச்சிழுப்பு வரும் தம்பி" என்றார். அப்புறம், "சரி, மக வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார். சாயங்காலம் வீடு வீடாகப் போய், "நீங்க கழுவிக்குங்க, நான் வெச்சிருக்கேன்" என்று சொன்னார். என் யோசனை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

தெரு ஒரே நாளில் பளிச்சென்றாகிவிட்டது. சிலர் வெள்ளையடித்தார்கள், சிலர் புதுக் கதவு போட்டார்கள். வால்வு அண்ணன் மட்டும் மொட்டைமாடிக்குப் போகும் படியில் பாயை விரித்துப் படுத்தார். கீழே சேறு காய்ந்து வெடித்தது. தினமும் சாயங்காலம் அண்ணி போன் பண்ணுவார். கடை வரைக்கும் குரல் கேட்கும்.

"கழுவியாச்சா?"

"குழு வரட்டும்."

"குழுவைக் கட்டிக்கிட்டே குடித்தனம் பண்ணுங்க!"

அவர் சிரித்துக்கொண்டே போனை வைப்பார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருப்பார்.

வெள்ளம் வந்த எழுபத்திரண்டாம் நாள் குழு வந்தது. இரண்டு கார், நான்கு பேர். வால்வு அண்ணன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அவர் ஒவ்வொரு வீடாகக் கைகாட்டி, "இதெல்லாமும்தாங்க, எல்லாமே முங்கிடுச்சு" என்றார். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளையடித்த சுவரும் புதுக் கதவும் தெரிந்தன. ஆறு நிமிஷத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. 'நேரில் பார்த்ததில் இத்தெருவில் ஒரு வீடு மட்டுமே பாதிக்கப்பட்டுள்ளது.' நிவாரணம் அவருக்கு மட்டும்.

தெரு கொதித்துப்போனது. "எல்லாரையும் கழுவ வெச்சுட்டு, தான் மட்டும் கமுக்கமா வாங்கிட்டான் பாரு." "நகராட்சி ஆளாச்சே, உள்ளே சொல்லி வெச்சிருப்பான்." என் கடை வாசலில் நின்றுதான் பேசினார்கள். நான் மெஷினில் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அந்தப் பேச்சு என் பக்கம் திரும்பும், என் கடைக்கு யார் வருவார்கள் என்று பயந்தேன். பயந்தேன் என்பதுதான் உண்மை, அதற்கு வேறு பூச்சு எதுவும் பூச வேண்டாம்.

அவர் பணத்தைத் தொடவில்லை. பங்கு போட்டுக் கொடுக்கலாம் என்று முதல் வீட்டுக்குப் போனார். "எங்களுக்கு என்ன பிச்சையா போடறீங்க?" என்று கதவைச் சாத்தினார்கள். திருப்பிக் கொடுக்க நகராட்சிக்குப் போனார். அது மத்தியப் பணம், நாங்கள் வாங்க முடியாது என்றார்கள். மேலே எழுதிப் போட்டார். உள்ளூர் நகராட்சி மூலம் அணுகவும் என்று பதில் வந்தது. யார் தருவது என்று அடித்துக்கொண்டவர்கள், யார் திரும்ப வாங்குவது என்பதிலும் அப்படியே நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைக் கழுவினார். தனியாக. சேறு சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. காலையிலிருந்து இருட்டும் வரை சுரண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு வீட்டிலிருந்தும் ஒரு வாளி கூட வரவில்லை. என் வீட்டிலிருந்தும்தான். சாயங்காலம் போன் வந்தது. "கழுவிட்டேன், வா" என்றார். அண்ணி என்ன சொன்னார் என்று அன்றைக்குக் கேட்கவில்லை, குரல் அவ்வளவு தணிந்திருந்தது. பிறகு அவரே சொன்னார்: "முகம் கொடுத்துப் பேச ஆளில்லாத தெருவுல வந்து நான் என்ன பண்ணன்னு கேக்கறா தம்பி."

அதைக் கேட்ட ராத்திரியே கடையைத் திறந்தேன். உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். யோசனை என்னுடையது, அவர் தெருவுக்காகத்தான் சேற்றில் கிடந்தார், தப்பு என்மேல்தான் என்று. நாற்பத்தோரு நகல் எடுத்தேன். முதல் நகலை, விடியற்காலையில் அவர் வால்வைத் திறந்து முடித்ததும் அவரிடமே கொடுத்தேன்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் முழுக்கப் படித்தார். நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

"வேணாம் தம்பி. இதைக் கொடுத்தா உன்கிட்டயும் பேசமாட்டாங்க. உனக்குப் பழக்கமில்லை, தாங்கமாட்டே." சாவியைச் சைக்கிளில் கட்டினார். "தெருவுக்கு இப்படி ஒரு வீடு போதும்."

வீடுகளில் குடங்கள் நிரம்புகிற சத்தம் கேட்டது. அவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். மீதி நாற்பது தாளும் இன்னும் என் மேஜைக்கு அடியில்தான் இருக்கின்றன.